மருந்து என்று நாம் அழைப்பது



நமது தோட்டங்களில் வழங்கும் ஒரு சொல்லைப் பற்றி உங்களோடு சிறிது பேச விரும்புகிறேன். செடியைத் தின்னும் பூச்சி புழுக்களைக் கொல்வதற்காகத் தெளிக்கப்படும் நஞ்சை நம்மில் எவரும் நஞ்சு என்று சொல்வதில்லை. மருந்து என்றே சொல்கிறோம். "இன்றைக்கு மேல்மலையில் மருந்தடிக்கிறார்கள், அந்தப் பக்கம் மாட்டை விடாதே" என்று தாய் பிள்ளையை எச்சரிக்கிறாள். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்குத் தோட்டத்து டிஸ்பென்சரியில் கொடுப்பதும் மருந்து. முதுகில் டாங்கியைச் சுமந்து போய் மலை முழுவதும் விசிறுவதும் மருந்து. செடிக்கு நோய், அதற்கு மருந்து, இதில் என்ன பிழை என்று நீங்கள் கேட்கக்கூடும். சொல்லில் பெரிய பிழை இல்லைதான். ஆனால் வைத்தியர் மருந்து கொடுக்குமுன் நாடி பிடித்துப் பார்க்கிறார். நாக்கை நீட்டச் சொல்கிறார். எத்தனை நாளாக என்று கேட்கிறார். மலைக்கு மருந்தடிக்குமுன் இவற்றுள் எதையாவது நாம் செய்கிறோமா?

புழுவைக் கொல்வது பாவமா என்பதன்று எனது கேள்வி. தோட்டத்தில் பிழைக்கும் எவருக்கும் அதற்கு விடை தெரியும். கொழுந்தைப் புழு தின்றால் கிலோ குறையும். கிலோ குறைந்தால் முழுப்பேர் அரைப்பேராகும். அரைப்பேரானால் அந்த வீட்டு அடுப்பில் அதன் விளைவு தெரியும். பசித்த பிள்ளைக்கும் பசித்த புழுவுக்கும் நடுவே தாய் யார் பக்கம் நிற்பாள் என்று கேட்கவும் வேண்டுமோ? எனது கேள்வி வேறு. எதையெல்லாம் கொல்கிறோம் என்று பார்க்காமலே கொல்வதற்கு நமக்கு உரிமை உண்டா? பார்க்கக்கூடிய இடத்தில் பாராமல் இருந்துவிட்டு, பின்பு "தெரியாமல் நடந்துவிட்டது" என்று சொன்னால் அது போதுமா?

இதற்கு விடை தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. தலவாக்கலைக்கு அருகே சென் கூம்ஸ் தோட்டத்தில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். 1925 இல் அமைக்கப்பட்ட அந்நிலையத்தின் வரலாற்றுக்குள்ளேயே இக்கேள்வி ஒரு கதையாகக் கிடக்கிறது. நம்மவர் பலருக்கு அக்கதை தெரியாது. நம் பாட்டன்மார் கண்முன்னே நடந்தது அது.

இலையைச் சுருட்டும் புழு ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் 'டீ டோர்ட்ரிக்ஸ்' என்பர். தாய் அந்து இலையின்மேல் மீன் செதில் அடுக்கினாற்போல முட்டைகளைப் படலமாக இடும். பொரித்து வரும் குஞ்சுப் புழுக்கள் நூலில் தொங்கி, காற்றில் ஆடி, செடிவிட்டுச் செடி போகும். பிறகு இரண்டு மூன்று இலைகளை நூலால் ஒட்டி, உள்ளே அமர்ந்துகொண்டு கொழுந்தைத் தின்னும். இது தேயிலைக்குப் பிறந்த பூச்சியன்று. நீட்னர் என்பவர் 1861 இல் அதனை விவரித்தபோது கோப்பியின் பெயரையே அதற்கு வைத்தார். அன்றைக்கு இந்த மலைகளில் இருந்தது கோப்பி. 1869 இல் வந்த இலைத்துரு நோயால் கோப்பி அழிந்து, மலைகளெல்லாம் தேயிலையாகியபோது, தின்பதற்கு ஒன்று போய் வேறொன்று கிடைத்தது புழுவுக்கு. ஒரே செடியை மலை மலையாக நட்டு, வேறெதையும் முளைக்கவிடாமல் வைத்திருந்தால் அதைத் தின்பவனுக்கு அது கலியாணப் பந்திதானே! அந்தப் பந்தியை விரித்தவர்கள் நாம் என்பதை மறவாதீர்கள். புழுவின்மேல் குற்றம் சுமத்துமுன் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

1930களில் அதன் தொல்லை பெருகியது. முட்டைப் படலங்களைக் கையால் பொறுக்கி எடுப்பதே அன்றைய வழிகளுள் முக்கியமானது. எத்தனை கைகள் போதும்? அப்போது ஆராய்ச்சியாளர் வேறு விதமாகச் சிந்தித்தனர். இதே புழு ஜாவாவிலும் உண்டு. அங்கே அதனை அடக்கிவைத்திருக்கும் எதிரிகளுள் ஒன்றை இங்கே கொண்டுவந்தால் என்ன? அப்படி 1935, 1936 ஆம் ஆண்டுகளில் ஜாவாவிலிருந்து கொண்டுவந்து நமது மலைகளில் விடப்பட்டதே 'மக்ரோசென்ட்ரஸ் ஹொமோனே' என்ற சிறு குளவி.

குளவி என்றதும் அஞ்சாதீர்கள். மலையில் கூடு கலைந்தால் கொழுந்தெடுப்போரைக் கொட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் அந்தக் குளவியன்று இது. கொசுவைப்போல மெலிந்தது, மனிதரை நாடாதது. இதன் வேலை ஒன்றே ஒன்று. இலை சுருட்டும் புழுவைத் தேடிப் போய் அதன் உடலுக்குள் முட்டையிடும். அந்த ஒரு முட்டை உள்ளேயே பிரிந்து பிரிந்து பல கருக்களாகும். அத்தனையும் புழுவின் உள்ளிருந்தே வளர்ந்து, புழு முற்றியதும் வெளியே வந்து, அதன் வற்றிய தோலருகே கூடு கட்டிக்கொள்ளும். சில நாட்களில் ஒரு புழு இருந்த இடத்தில் ஒரு கூட்டம் குளவிகள் பறந்துபோகும்.

விட்ட சில ஆண்டுகளுக்குள் அக்குளவி தேயிலை மலைகளெங்கும் பரவியது. இலை சுருட்டும் புழு முற்றாக அழிந்துவிடவில்லை. அழிந்திருந்தால் குளவியும் பட்டினியால் அழிந்திருக்கும். ஆனால் தொல்லை என்று சொல்லத்தக்க நிலையிலிருந்து அது இறங்கிவிட்டது. கடல் கடந்து வந்து, மலையில் இறங்கி, பேர் போடாமல், சம்பளம் கேட்காமல், ஞாயிற்றுக்கிழமையும் வேலை செய்த தொழிலாளி இது! (1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் இதனைத் தொடவில்லை என்பதையும் சொல்லிவைக்கலாம்.) யாரும் அதனைப் பார்க்கவில்லை. புழு இல்லாததைத்தான் பார்த்தார்கள். இல்லாத ஒன்றுக்கு யார் நன்றி சொல்வார்கள்?

இனி வேறொரு பூச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எள்ளளவே உள்ள கருவண்டு ஒன்று தேயிலை வாதில் துளையிட்டு உள்ளே புகும். துளை துப்பாக்கிச் சன்னம் பட்டாற்போல இருக்கும். 1892 இல் நாவலப்பிட்டிப் பகுதியில் தேயிலையில் கண்டறியப்பட்ட இவ்வண்டு மரத்தைத் தின்பதில்லை. தான் குடைந்த பாதைக்குள் ஒருவகைப் பூஞ்சணத்தைப் பயிரிட்டு, அதையே குஞ்சுகளுக்கு ஊட்டுகிறது. அதுவும் ஒரு தோட்டக்காரன்தான்! துளைபட்ட வாது கொழுந்தெடுக்கும்போதோ காற்றிலோ முறியும். உள்ளே ஒளிந்திருக்கும் அதனை எட்டுவது கடினம். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் புதிய நஞ்சுகள் சந்தைக்கு வந்தபோது, 1950களில், டீல்ட்ரின் என்ற நஞ்சை அதன்மேல் ஏவினர். டீல்ட்ரின் இலகுவில் சிதையாதது. வாதில் படிந்தால் வெகுகாலம் நிற்கும். துளையிலிருந்து வெளிவரும் வண்டுக்கு ஏற்ற காவல்காரன் என்று எண்ணியதில் வியப்பில்லை.

வண்டு குறைந்தது உண்மை. ஆனால் பின்னாலேயே, அடங்கிக் கிடந்த இலை சுருட்டும் புழு மலை மலையாகக் கிளம்பியது. காரணத்தை நீங்களே ஊகித்திருப்பீர்கள். புழு இலைக் கூட்டுக்குள் ஒளிந்திருக்கிறது. செடியெங்கும் அலைந்து அதனைத் தேடும் குளவிக்கே டீல்ட்ரின் எமனாயிற்று. வண்டுக்காக வைத்த நஞ்சு, பதினைந்து இருபது ஆண்டுகளாகச் சத்தமில்லாமல் காவல் காத்த குளவியைக் கொன்றது. அத்தோடும் முடியவில்லை. சுள்ளிபோல நிமிர்ந்து நிற்கும் இன்னொரு புழுவும் தலைதூக்கி இலையை மொட்டையடித்தது. அதன் பெருக்கத்துக்கும் டீல்ட்ரினுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த தந்தநாராயண, கதிரவேற்பிள்ளை இருவரும் ஆராய்ந்து 1969 இல் எழுதினர். ஒரு நஞ்சின் விளைவுக்கு வேறொரு நஞ்சு, அதன் விளைவுக்கு இன்னொன்று என்று கடன் வாங்கிக் கடன் அடைப்பது போன்ற நிலை உருவாகியது. டீல்ட்ரினே உலகளவில் ஒழிக்கப்பட வேண்டிய நஞ்சுகளுள் ஒன்றாக 2001 ஆம் ஆண்டின் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையில் பெயர் குறிக்கப்பட்டது.

வாசகரே, இப்போது நாம் நீதிபதியாக அமர்வோம். குளவியைக் கொன்றது யார் குற்றம்?

நமது மறைக்கல்வியில் அறியாமையை இரண்டாகப் பிரித்துக் கற்பிப்பார்கள். வெல்லமுடியாத அறியாமை ஒன்று. வெல்லக்கூடிய அறியாமை மற்றொன்று. எவ்வளவு முயன்றாலும் அறிந்திருக்க முடியாததை அறியாதவன்மேல் குற்றமில்லை. சிறிது விசாரித்திருந்தால் அறிந்திருப்பான், விசாரிக்கவில்லை என்றால் அவன் குற்றவாளி. சிலவேளை அறிந்தால் வேலை கெடும் என்பதற்காகவே விசாரியாமல் இருப்பதும் உண்டு. அது இன்னும் பாரமானது.

1950களில் டீல்ட்ரினைத் தேர்ந்தவர்களின் அறியாமை எவ்வகையைச் சேர்ந்தது? "அன்றைக்கு யாருக்குத் தெரியும்!" என்று எளிதாகச் சொல்லிவிடலாம். நானும் வெகுகாலம் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஆனால் பழத்தோட்டக்காரரின் வரலாற்றைப் படித்தபின் என் எண்ணம் சற்று மாறியது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தோடைத் தோட்டங்களை அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த பஞ்சுச் செதிற்பூச்சி ஒன்று அழித்துக்கொண்டிருந்தது. அல்பேர்ட் கெபலே என்பவர் 1888 இல் அவுஸ்திரேலியாவுக்கே போய், அப்பூச்சியைத் தின்னும் சிவப்புக் கறுப்பு வண்டு ஒன்றைக் கண்டுபிடித்து அனுப்பினார். 'வெடாலியா' என்று அதற்குப் பெயர். சில நூறு வண்டுகளே போய்ச் சேர்ந்தன. இரண்டு ஆண்டுக்குள் தோடை பிழைத்தது. பூச்சியைப் பூச்சியால் அடக்கும் வித்தையை உலகம் நம்பத் தொடங்கியது அன்றுதான். சென் கூம்ஸில் நடந்ததும் அதன் வழிவந்ததே. அதே கலிபோர்னியாவில் 1940களின் பிற்பாதியில் தோடைக்கு டீ.டீ.டீ. அடித்தார்கள். வெடாலியா மடிந்தது, அரை நூற்றாண்டாக மறக்கப்பட்டிருந்த செதிற்பூச்சி திரும்பி வந்தது. அதாவது, நமது மலைகளில் டீல்ட்ரினை விசிறுவதற்குச் சில ஆண்டுகள் முன்னமே, இதே பாடம் இன்னொரு நாட்டுப் பழத்தோட்டத்தில் எழுதப்பட்டுவிட்டது. எழுதப்பட்டதை வாசித்திருக்கலாம். ஜாவாவிலிருந்து குளவியைக் கொண்டுவந்த பதிவுகள் இந்நாட்டிலேயே இருந்தன. "வண்டுக்கு அடிப்பது குளவியை என்ன செய்யும்?" என்ற ஒரு கேள்வியை முதலில் சிறு துண்டு நிலத்தில் கேட்டிருக்கலாம்.

ஆகவே அதனை முழுதும் வெல்லமுடியாத அறியாமை என்று விட்டுவிட என் மனம் ஒப்பவில்லை. எனினும் கல்லெறியவும் தயங்குகிறேன். வாது முறிந்து மலை பாழாவதைக் கண்டவர்கள் அவர்கள். அதன் நடுவே அவசரம் பிறப்பது மனித இயல்பு. நடந்ததை மறைக்காமல் ஆராய்ந்து எழுதியவர்களும் அதே நிலையத்தவரே என்பதையும் நாம் நினைக்க வேண்டும். தன் பிழையைத் தானே அச்சில் ஏற்றுவது எல்லா நிறுவனங்களுக்கும் வராத குணம்.

இங்கே ஒருவர் எழுந்து என்னை மறித்துக் கேட்கலாம். "நஞ்சு கொடியது என்கிறீர்; உமது குளவி மட்டும் சாதுவோ? உயிருள்ள புழுவின் வயிற்றுக்குள் குஞ்சுகளை வைத்து, உள்ளிருந்தே தின்னவிடுவது எந்த வகையில் கருணை?" நியாயமான கேள்வி. சாள்ஸ் டார்வினையே உலுக்கிய கேள்வி இது. 1860 இல் அவர் தம் அமெரிக்க நண்பரான ஆசா கிரே என்ற தாவரவியலாளருக்கு எழுதிய கடிதத்தில், இத்தகைய குளவி இனத்தை அன்புள்ள கடவுள் எண்ணித் திட்டமிட்டுப் படைத்தார் என்று தம்மால் நம்ப முடியவில்லை என்று குறிப்பிட்டார். அவரைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. இலையை விரித்து அக்காட்சியைக் கண்ட எவருக்கும் ஒரு கணம் உடல் கூசும். புனித தோமஸ் அக்குவினாஸ் அவருக்கு ஆறு நூற்றாண்டு முன்னமே இதன் அருகில் வந்திருக்கிறார்: மற்ற விலங்குகள் மடியாவிடில் சிங்கம் வாழ்வதெப்படி என்று அவர் கேட்கிறார். அது டார்வினுக்கு முழு விடையாகாது என்றே நான் நினைக்கிறேன். புழுவின் வேதனை சிங்கத்தைக் காட்டுவதால் குறைந்துவிடாது.

ஆனால் நமது கேள்விக்கு அது உதவுகிறது. குளவி முறை கொல்லாமை அன்று. சுற்றாடலுக்கு இசைந்தது, இயற்கையானது என்று இனிக்க இனிக்கப் பேசுகிறவர்கள் இதை மறைக்கக்கூடாது. அதுவும் கொலைதான், நாம் திட்டமிட்டு, கப்பலேற்றிக் கொண்டுவந்து செய்வித்த கொலை. வேறுபாடு எங்கே என்றால், குளவிக்குத் தன் இரை இன்னதென்று தெரியும். அது சிலந்தியைத் தொடாது, தேனீயைத் தொடாது, கொழுந்தெடுப்பவளின் கையைத் தொடாது. டாங்கியிலிருந்து புறப்படும் புகாருக்கு யாரையும் தெரியாது.

யாரையும் தெரியாத அந்தப் புகார் முதலில் படுவது யார்மேல்? பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டத்தில் மருந்தடிக்கும் முதியவர் ஒருவரோடு லயத்து வாசலில் பேசிக்கொண்டிருந்தேன். கையுறை, முகமூடி எல்லாம் கொடுத்திருக்கிறார்களா என்று கேட்டேன். சிரித்தார். "குடுத்தாங்க தம்பி. அத போட்டுக்கிட்டு இந்த ஏத்தத்துல ஏறிப் பாருங்க, மூச்சு முட்டும். மருந்தடிச்ச அன்னிக்கு சோறு எறங்காது. ஆனா வேல வெள்ளன முடிஞ்சிரும்ல" என்றார். வேலை சீக்கிரம் முடிவது அவருக்கு இலாபம். அந்தப் பேரத்தில் எதை விற்கிறோம் என்பது அவருக்குத் தெரியாதென்று நான் சொல்லமாட்டேன். தெரிந்தேதான் விற்றார். வேறு விற்க என்ன இருந்தது?

தேயிலையைக் குடிக்கும் நாடுகளோ, கோப்பைக்குள் எந்த நஞ்சு எவ்வளவுக்குமேல் இருக்கக்கூடாது என்று எல்லை வகுத்து, கரைக்கு வந்த பெட்டியைச் சோதித்துப் பார்க்கின்றன. எல்லை மீறினால் பெட்டி திரும்பி வரும். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தக் கோப்பையின் மறுமுனையில் டாங்கி சுமந்த முதுகை எந்தத் துறைமுகத்தில் சோதிக்கிறார்கள்? எதை அடிப்பது என்று தீர்மானிப்பவர் பங்களாவிலோ கொழும்பிலோ இருக்கிறார். அடிப்பவர் மலையில் இருக்கிறார். தீர்மானிப்பவரின் அறியாமைக்கு அடிப்பவரின் தோல் விலை கொடுக்கிறது. அறியாமை வெல்லக்கூடியதா என்று கேட்கும்போது, யாருடைய செலவில் ஒருவர் அறியாமல் இருக்கிறார் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. மறைக்கல்விப் புத்தகத்தில் அந்தப் பகுதி இல்லை.

குளவிக்கு இன்னொரு குறையும் உண்டு. அதைப் போத்தலில் அடைத்து விற்க முடியாது. ஒருமுறை கொண்டுவந்து விட்டால் தானே பெருகும். அடுத்த வருடம் மறுபடி வாங்கச் சொல்ல வழியில்லை. ஆகவே அதற்கு விளம்பரப் பலகை இல்லை, நாட்காட்டி அச்சடித்துக் கொடுப்போர் இல்லை. நுவரெலியாவில் கோவா, லீக்ஸ், உருளைக்கிழங்கு போடும் சிறு தோட்டக்காரரிடம் போய்ப் பாருங்கள். எதை அடிப்பது, எத்தனை தரம் அடிப்பது என்று கடைக்காரரிடம் கேட்டுவருபவர்கள் பலர். கடைக்காரரோ தம்மிடம் இல்லாத ஒன்றை எப்படிச் சிபாரிசு செய்வார்?

இவ்வளவும் படித்தவர், அப்படியானால் எல்லா நஞ்சையும் ஒரே நாளில் நிறுத்திவிடலாமே என்பார். அதையும் நம் நாடு பார்த்துவிட்டது. 2021 மே மாதத்தில் இரசாயன உரமும் பூச்சிக்கொல்லிகளும் இறக்குமதி செய்வதற்கு அரசு ஒரு வர்த்தமானி அறிவித்தலால் தடை விதித்தது. காரணமாகச் சொல்லப்பட்டது நல்ல காரணந்தான்: மண்ணின் நலம், மக்களின் நலம். ஆயின் எந்தப் பயிருக்கு, எந்த மண்ணுக்கு, எதை முதலில், எதைப் பின்னர் என்ற விசாரணை இல்லை. அவ்வாண்டு நவம்பரிலேயே தடையைத் தளர்த்த வேண்டியதாயிற்று. 2021 இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022 இல் 25 கோடி கிலோ அளவுக்கு விழுந்தது. உரம் கிடைக்காமை அதற்கு முக்கிய காரணங்களுள் ஒன்று. நாட்சம்பளம் 1000 ரூபா என்று அந்த 2021 மார்ச்சில்தான் நெடுநாள் போராட்டத்துக்குப் பின் தீர்மானமாகியிருந்தது. சம்பளம் ஏறியதும் இத்தனை கிலோ எடுத்தால்தான் முழுப்பேர் என்ற தகராறு தோட்டம் தோட்டமாக எழுந்த வேளையில், செடியில் கொழுந்து இல்லை. பசுமைக் கொள்கை என்று மேலே பேசப்பட்டது, கீழே அரைப்பேராக வந்து இறங்கியது.

டீல்ட்ரினை விசிறியதும், நஞ்சையும் உரத்தையும் ஒரு கையெழுத்தில் நிறுத்தியதும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று நமக்குத் தோன்றும். எனக்கோ அவை அண்ணன் தம்பியாகத் தெரிகின்றன. இரண்டிலும் மலையைப் பாராமலே மலை முழுவதற்கும் ஒரே உத்தரவு. குளவி அதற்கு நேர் மாறு. ஜாவாவிலிருந்து அதனை எடுத்து வந்தவர்கள் முதலில் புழுவைப் படிக்க வேண்டியிருந்தது. அதன் எதிரிகளைப் படிக்க வேண்டியிருந்தது. கொண்டுவந்ததை வளர்த்து, விட்டு, ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. அங்கே அறிவு முன்னே போயிற்று, கை பின்னே போயிற்று.

இது பழங்கதை மட்டுமன்று. 2008 இல் இலங்கையில் பப்பாசி மரங்களில் வெள்ளை மாவு கொட்டினாற்போல ஒரு பூச்சி பிடித்ததை நினைவிருக்கிறதா? மரவள்ளி, மல்பெரி, செவ்வரத்தை எதையும் விடவில்லை. அதே ஆண்டில் தமிழ்நாட்டில் கோயம்புத்தூரிலும் அது காணப்பட்டது. மேலே மெழுகுபோன்ற மாவு மூடியிருப்பதால் தெளித்த நஞ்சு வழிந்தோடியது. மறுபடி மறுபடி அடித்துக் களைத்தவர்கள் மரத்தையே வெட்டினார்கள். பின்பு போர்ட்டோ ரிக்கோவிலிருந்து 'அசிரோபேகஸ் பப்பாயே' என்ற மிகச் சிறிய குளவி வரவழைக்கப்பட்டு, 2009 இல் இங்கேயும் 2010 இல் தமிழ்நாட்டிலும் விடப்பட்டது. பப்பாசி மரங்கள் தப்பின. நமது லயத்துப் பின்புறத்திலும் கண்டிப் பக்கத்து வீட்டுத் தோட்டங்களிலும் இன்று பழுத்துத் தொங்கும் பப்பாசிக்குப் பின்னால் அந்தக் குளவியின் பங்கும் உண்டு. அதன் பெயரை எத்தனை பேர் அறிவோம்? அதை விட்ட சமயத்தில் அதிகாரிகள் விவசாயிகளிடம் முதலில் கேட்டுக்கொண்டது, தயவுசெய்து இனி மருந்தடிக்காதீர்கள் என்பதே.

அந்த வேண்டுகோள்தான் கடினமானது. மருந்தடிப்பது ஏதோ செய்ததாக ஒரு திருப்தியைத் தருகிறது. அடிக்காமல் காத்திருப்பது சோம்பலைப்போலத் தோன்றுகிறது. துரையும் கேட்பார், அயலவரும் சிரிப்பார். கொய்யாப் பிஞ்சுகளைப் பழ ஈ குத்தாமல் கடதாசிப் பையால் ஒவ்வொன்றாகக் கட்டும் பெண்ணைப் பார்த்து, வேலையற்ற வேலை என்று அயலார் பேசுவதை நான் கேட்டிருக்கிறேன். அவள் பழத்தில் புழுவும் இல்லை, நஞ்சும் இல்லை. ஆனால் அவள் மரத்தில் இருப்பது இருபது முப்பது காய். நூறு ஏக்கர் மலைக்குப் பை கட்ட முடியாது என்பதும் உண்மை. பெரிய மலையில் சிலவேளை நஞ்சும் தேவைப்படலாம். வண்டு குடைந்த வாதுக்கு இன்றுவரை குளவியைப்போல ஓர் எளிய விடை வந்து சேரவில்லை. நான் கேட்பது நஞ்சைத் தொடாத கையையன்று. தொடுமுன் விரித்துப் பார்க்கும் கையை.

அக்கா தங்கைமாரே, மலையில் நிற்பவர்கள் நீங்கள். ஆராய்ச்சியாளரைவிட, துரைமாரைவிட அதிக நேரம் செடியின் முகத்தைப் பார்ப்பவர்கள் நீங்கள். கொழுந்தெடுக்கையில் இரண்டு இலைகள் நூலால் ஒட்டியிருக்கக் கண்டால், நசுக்குமுன் ஒருமுறை விரித்துப் பாருங்கள். உள்ளே வற்றிய தோல் ஒன்றும், அதனருகே சின்னஞ்சிறு கூடுகள் கற்றையாகவும் இருந்தால், அவை ஜாவாவிலிருந்து வந்தவற்றின் வாரிசுகள். இலையை மூடிச் செடியிலேயே விட்டுவிடுங்கள். உயிருள்ள புழு இருந்தால் நசுக்குவீர்கள், நான் தடுக்கமாட்டேன். ஆனால் அதன் வயிற்றுக்குள்ளும் குளவிகள் வளர்ந்துகொண்டிருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் அது தெரியாது.